சிறுகரையும் பெருவெள்ளமும்: சங்கப் பாடல்களில் குளக்காவல்

ஏரி, குளம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பாசனத்தையே மையமாகக் கொள்கின்றன. மழைக்காலத்தில் மேட்டுநிலத்திலிருந்து பாய்ந்துவரும் வெள்ளத்தை ஊரின் மேற்புறத்தே தடுத்து நிறுத்தும் மண் அணையாகவும் ஏரிக்கரை விளங்கியது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நீர் குறைந்தால் பயிர் வாடும். கரை உடைந்தால் ஊரே அழியும். இவ்விரண்டாம் அச்சத்தை அறிந்த சங்கப் பாடல்கள் இரண்டு இங்குக் கருதத்தக்கன.

புறநானூறு 118இல் கபிலர், பாரி மறைந்தபின் பறம்பின் சிறுகுளம் உடைவதை எண்ணி இரங்குகிறார். கரையின் வளைவுக்கு எட்டாம் நாள் பிறை உவமை. கரையின் தலைப்பு பாறையோடும் சிறுகுன்றோடும் பொருந்தியிருப்பதையும் அவர் சுட்டுகிறார். இதனை வெறும் வருணனையாகக் கொண்டு கடந்துவிடலாகாது. கரையின் முனைகளை இயற்கை மேட்டில் சேர்த்து, தாழ்ந்த இடைவெளியை மட்டும் மண்ணால் வளைத்து அடைப்பதே குளம் அமைக்கும் முறை. எனவே அமைப்பில் குறையில்லை. பேணுவோன் இல்லாமையே உடைப்புக்குக் காரணம் எனக் கொள்ள இடமுண்டு.

அகநானூறு 252இல் நக்கண்ணையார், மகளைக் காத்து உறக்கம் மறந்த தாய்க்கு, மழை பொழியும் நள்ளிரவில் குளம் காப்பவனை உவமையாக்குகிறார். குளமோ பெரிது, கரையோ சிறிது. கரையைக் குறிக்க அவர் ஆளும் சொல் 'கோடு'. வளைவுப் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. அலைத்துளிகள் தெறிக்கின்றன என்ற குறிப்பே இங்கு முதன்மையானது. நீர்மட்டம் கரையின் உச்சியை நெருங்கிவிட்டதை அது உணர்த்துகிறது. கரைக்கு மேல் நீர் வழிந்தால் மண் அரிக்கப்பட்டுச் சிறு கீறலும் விரைவில் பெரும் உடைப்பாகும். நண்டுவளை, எலிவளைக் கசிவும் அத்தகையதே. கண்டவுடன் அடைக்க ஆள் விழித்திருக்க வேண்டும். காவலன் உறங்காமைக்குப் பொருள் இதுவே.

மிகைநீரைக் கரைக்குத் தீங்கின்றி வெளியேற்றுவது கலிங்கு. அதன்மேல் நடப்பட்ட கற்களின் இடைவெளியை வெள்ள அச்சம் நீங்கியபின் களிமண்ணும் புல்கரணையும் கொண்டு அடைத்துக் கூடுதல் நீர் தேக்குவது வழக்கம். முன்கூட்டியே அடைத்தால் தேக்கும் நீரே கரைக்குப் பகையாகும். எப்போது அடைப்பது என்பது தனியொருவர் விருப்பத்துக்கு விடத்தக்கதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்துக்கு ஆண்டுதோறும் குடவோலை வழி உறுப்பினரைத் தேர்ந்தமையைக் கூறுகின்றன. சங்கிலித்தொடராய் அமைந்த ஏரிகளில் மேலேரி உடைந்தால் அவ்வெள்ளம் கீழேரிக் கரையைத் தாக்கும். மேலூரின் கவனக்குறைவுக்குக் கீழூரும் விலை கொடுக்க நேரும்.