உராய்வுக்கு அப்பால்: வெடிவிபத்தும் ஆய்வுக் குழுவும்

மதுரை–தென்காசி சாலையில் மலையடிவாரத்தே அமைந்த சிவகிரிக்குக் கிழக்கில், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் நூற்றுக்கணக்கான பட்டாசு ஆலைகள் இயங்குகின்றன. அவற்றில் விபத்து நேரும்போது, மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டதே காரணம் என்று மறுநாள் செய்தித்தாளில் பெரும்பாலும் வந்துவிடும். அலுமினியத் தூளும் கந்தகமும் நைட்ரேட் உப்பும் கலந்த மருந்து உராய்ந்தால் பற்றும் என்பது அங்கு வேலைக்குப் போகும் எவருக்கும் தெரிந்ததே. அன்றைய தினம், அந்த அறையில், அவ்வளவு பேர் இருக்கையில் அது ஏன் உராய நேர்ந்தது என்பதுதான் விடை காண வேண்டிய கேள்வி.

காவல்துறையின் புலன்விசாரணை குற்றவாளியைத் தேடுகிறது. ஆய்வுக் குழுவோ தடயங்கள் கலையும் முன் சென்று, உயிர்பிழைத்தோரையும் தீயணைப்பு வீரர்களையும் கேட்டு, அடுத்த விபத்தைத் தவிர்க்கும் வழியைத் தேடுகிறது. அமெரிக்காவின் வேதியியல் பாதுகாப்பு வாரியம் இப்பணிக்கென்றே உள்ளது. அதற்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் இல்லை. இந்தியாவில் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் 9ஆம் பிரிவு விபத்து விசாரணைக்கு வழிவகுக்கிறது. கடுமையான விபத்துகளுக்கு, துறை அறிவுள்ளவர்களையும் துணைக்கு அமர்த்திக்கொள்ள 9-ஏ பிரிவு இடமளிக்கிறது. ஆயினும் ஆலைக்கு உரிமம் வழங்கும் வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையே விசாரணையையும் நடத்தலாம் என்பது இந்த ஏற்பாட்டின் பலவீனம். தன் கண்காணிப்பின் குறையைத் தானே எழுதிக்கொள்ளும் துறை அரிது.

2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்து, குழு எதையெல்லாம் ஆராய வேண்டும் என்பதைக் காட்டுகிறது. அங்கே மாண்ட முப்பதுக்கும் மேற்பட்டோரில் பலர் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு, காப்பாற்றவும் பார்க்கவும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்து, அடுத்தடுத்த வெடிப்பில் சிக்கியவர்கள். விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்த நிலையிலும் வேலை நடந்தது. ஆகவே மருந்து அறையை மட்டும் அளந்து பார்த்தால் போதாது: நிறுத்தல் உத்தரவு ஆலை வாசலில் ஏன் செயலற்றுப்போனது, கிடங்கில் எவ்வளவு சரக்கு இருந்தது, கூட்டத்தைத் தடுக்கக் கயிறு கட்டியது யார், எத்தனை மணிக்கு என்பனவும் விசாரணைக்குரியவை. இவற்றுள் கடைசிக் கேள்வியே பெரும்பாலும் விடுபடுகிறது. அங்கு அதிக உயிர்களைக் காத்திருக்கக்கூடியதும் அதுவே.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பலர் மாண்டபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் எட்டுப் பேர் கொண்ட குழுவை அமைத்தது. உரிமம் வழங்கும் துறைக்கு வெளியிலிருந்து ஒருவர் தலைமை ஏற்றது நல்ல மாற்றம். எனினும் அத்தகைய குழு ஒவ்வொரு முறையும் ஒரு தீர்ப்பாயத்தின் ஆணைக்காகக் காத்திராமல், விபத்து நடந்த அன்றே புறப்படும் நிலையான அணியாக இருந்தால்தான், தீக்காய வார்டில் பேசும் நிலையில் உள்ள தொழிலாளி மறப்பதற்கும் மிரட்டப்படுவதற்கும் முன்னர், ஒரு நாள் கூலிக்கு எத்தனை குரோஸ் பட்டாசு முடிக்கச் சொன்னார்கள் என்று அவரிடம் கேட்டறிய முடியும்.