விதைத் தேவைக்கு இணையப் படிவம்: அளவு தெரியக் கேளுங்கள்

சம்பா பருவம் நெருங்கும்போது உழவர் குழுக்களின் முதல் வேலை, யாருக்கு எந்த ரகம், எவ்வளவு விதை என்று கணக்கெடுப்பதாகும். முன்பு நோட்டுப் புத்தகத்துடன் வீடு வீடாகச் செல்வோம். இப்போது இணையப் படிவம் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அவரவர் வீட்டிலிருந்தே நிரப்பிவிடலாம். ஆனால் கேள்வி சரியாக அமையாவிட்டால் நஷ்டம் விவசாயிக்குத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் டெல்டா கிராமக் குழு ஒன்றுக்கு நானே படிவம் தயாரித்தேன். "நிலம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டிருந்தேன். ஒருவர் "3" என்று எழுதினார். அவர் சொன்னது 3 மா. அதாவது சுமார் 1 ஏக்கர். நான் 3 ஏக்கர் என்று எடுத்துக்கொண்டேன். மத்தியகால ரகத்துக்கு ஏக்கருக்கு 16 கிலோ விதை போதும். அவர் பெயரில் 48 கிலோ ஒதுக்கிவிட்டேன். இப்படியே பலருக்கும் நேர்ந்ததால், கடைசியில் பெயர் கொடுத்தவர்களுக்கு விதை இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. விநியோக நாளில் உண்மை தெரிவதற்குள் அவர்கள் வெளியில் கூடுதல் விலைக்கு வாங்கிவிட்டனர். தவறு எழுதியவருடையதன்று, கேட்டவனுடையது.

தயாரிக்கும் முறை

ஜிமெயில் கணக்கு இருந்தால் கூகுள் ஃபார்ம்ஸை இலவசமாகப் பயன்படுத்தலாம். கைபேசியின் குரோமில் திறந்து, வெற்றுப் படிவத்தைத் தொட்டுத் தலைப்பு எழுதவும். கூட்டல் குறியைத் தொடத் தொடக் கேள்விகள் சேரும். கண்ணால் பார்த்துக்கொண்டே அமைக்கலாம். கணினி மொழி தெரிய வேண்டியதில்லை.

நான்கு கேள்விகள் போதும்

1. பெயர்: சிறு விடையாக எழுதச் செய்யவும்.

2. கைபேசி எண்: கேள்வியின் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, 6000000000 முதல் 9999999999 வரையுள்ள எண் மட்டும் என்று வரம்பு வைக்கவும். ஓர் இலக்கம் விட்டுப்போனாலும் படிவம் ஏற்காது.

3. ரகம்: எழுதச் சொல்ல வேண்டாம். கிடைக்கக்கூடிய ரகங்களை மட்டும் பட்டியலிட்டு, ஒன்றைத் தொடச் செய்யவும். இரண்டு ரகம் வேண்டுவோர் இருமுறை நிரப்பட்டும்.

4. நிலம்: "இந்த ரகம் நடப்போகும் நிலம் எத்தனை சென்ட்?" என்று கேட்டு, எண் மட்டும் ஏற்கும்படி வைக்கவும். கீழே "1 மா = 33 சென்ட், 1 ஏக்கர் = 100 சென்ட்" என்று குறிப்பு எழுதவும். விதையின் கிலோ கணக்கைக் குழுவே போட்டுக்கொள்ளலாம்.

நான்குக்கும் விடை கட்டாயம் என்று குறிக்கவும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கடவுச்சொல் ஆகியவற்றைக் கேட்கவே கூடாது. படம் இணைக்கச் சொன்னாலும், ஒருவருக்கு ஒரு முறை என்று கட்டுப்படுத்தினாலும், நிரப்புபவர் கூகுள் கணக்கில் நுழைய வேண்டிவரும். அதில் பலர் பாதியிலேயே விட்டுவிடுவர்.

அனுப்பும் முன்

கண் வடிவக் குறியைத் தொட்டால் படிவம் மற்றவருக்கு எப்படித் தெரியும் என்று காணலாம். வயதில் மூத்த இருவரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். அவர்கள் தயங்கும் இடத்தில் கேள்வியைத் திருத்துங்கள். பிறகு கடைசி நாளைக் குறிப்பிட்டு இணைப்பை அனுப்புங்கள். விடைகளை அட்டவணையாக மாற்றிக் கூட்டிக்கொள்ளலாம். நாள் முடிந்ததும் படிவத்தை மூடிவிடவும்.

இணைய வசதியுள்ள கைபேசி இல்லாதவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றனர். அவர்களை நேரில் கேட்டு, அதே படிவத்தில் நிரப்பிக் கொடுக்க ஓர் இளைஞரை நியமிப்பது அவசியம். அவர்கள் தேவையும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும்.