பழைய ஹார்ன் ஒலிபெருக்கிகளும் அவற்றுக்கேற்ற ஆம்ப்ளிஃபயரும்

ஹார்ன் ஒலிபெருக்கி என்பது, அதிரும் தகட்டின் முன்னால் படிப்படியாக விரியும் குழல் ஒன்றைப் பொருத்தி, ஒலியைத் திறம்படக் காற்றில் சேர்க்கும் ஒலிபெருக்கி வகையாகும். கடந்த நூற்றாண்டில் திரையரங்குகளுக்கும் இல்லங்களுக்கும் செய்யப்பட்ட இத்தகைய ஒலிபெருக்கிகளை இசை ஆர்வலர்கள் இன்றும் பழுதுபார்த்து வீட்டில் பயன்படுத்துகின்றனர். இவற்றோடு எந்த ஆம்ப்ளிஃபயரை இணைப்பது என்பதில் பலர் தவறிவிடுகின்றனர். வாட் எண்ணிக்கை கூடினால் ஒலியின் தரமும் கூடும் என்று நம்பிப் பெரிய ஆம்ப்ளிஃபயரை வாங்குகின்றனர். ஹார்ன் ஒலிபெருக்கிக்கு வேண்டியது குறைந்த திறன், மிகக் குறைந்த இரைச்சல், முதல் ஒரு வாட்டுக்குள் தூய்மையான ஒலி ஆகிய மூன்றே. இதை அறியாமல் செய்யும் மாற்றம் பணத்தை வீணாக்குவதோடு, மீண்டும் கிடைக்காத பழைய பாகங்களையும் எரித்துவிடக்கூடும்.

ஹார்ன் செய்யும் வேலை

நாகசுரத்தின் அடியில் உள்ள அணசு விரிந்திருப்பதைப் பலரும் கண்டிருப்பர். தொலைவில் இருப்பவரை அழைக்கும்போது இரு கைகளையும் வாயருகே குவிப்பதும் வழக்கம். இவ்விரண்டிலும் ஹார்னின் தத்துவம் அடங்கியுள்ளது. காற்று மிக இலேசானது. அதில் நேரடியாக அசையும் காகிதக் கூம்பு, தான் பெறும் மின்னாற்றலில் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டையோ அதற்கும் குறைவையோதான் ஒலியாக மாற்றுகிறது. மீதி வெப்பமாகிவிடும். குழலின் குறுகிய வாயில் காற்று அழுத்தத்துடன் நிற்பதால், தகடு தள்ளுவதற்குப் பிடிமானம் கிடைக்கிறது. குழல் விரிய விரிய அந்த அழுத்தம் வெளிக்காற்றோடு இணைகிறது. இதனால் பயனுறுதிறன் பத்து விழுக்காட்டையும் தாண்டக்கூடும். தகடு மிகச் சிறிதளவே அசைந்தால் போதும் என்பதால் ஒலியில் திரிபும் குறைகிறது.

வரலாறு

1920களில் வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் சில வாட் திறனையே தந்தன. 1927க்குப் பின் பேசும் படங்கள் பரவியபோது, அந்தச் சில வாட்டுகளைக் கொண்டே பெரிய அரங்கை நிரப்ப வேண்டியிருந்தது. ஹார்ன் இல்லாமல் அது நடவாது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக், பின்னர் ஆல்டெக் லான்சிங் ஆகிய அமெரிக்க நிறுவனங்களின் திரையரங்கு ஒலிபெருக்கிகள் இப்படி உருவானவை.

வீட்டுக்கான ஹார்ன்களில் புகழ்பெற்றது கிளிப்ஷ்ஹார்ன். இதை வடிவமைத்தவர் பால் கிளிப்ஷ் (1904–2002). அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்னும் சிற்றூரில் 1946இல் அவர் தமது நிறுவனத்தைத் தொடங்கினார். தாழ்ந்த ஒலிக்கான ஹார்ன் மிக நீளமாக இருக்க வேண்டும். கிளிப்ஷ் அதை மடித்துப் பெட்டிக்குள் அடக்கி, அறையின் மூலையில் வைத்தார். மூலையின் இரு சுவர்களும் தரையும் ஹார்னின் தொடர்ச்சியாகிவிடுகின்றன.

1954இல் ஏ.ஆர். நிறுவனம் காற்றுப்புகாத சிறு பெட்டி ஒலிபெருக்கியை வெளியிட்டது. அது சிறிய இடத்தில் ஆழ்ந்த ஒலியைத் தந்தது. ஆனால் அதிகத் திறனைக் கேட்டது. 1960களில் டிரான்சிஸ்டர் வந்தபின் வாட்டுகள் மலிவாயின. உலகம் சிறு பெட்டிகளுக்கும் பெரிய ஆம்ப்ளிஃபயர்களுக்கும் மாறியது. இன்று கடைகளில் கிடைக்கும் ஆம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலும் அந்தப் பெட்டிகளை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. பொருத்தச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

எத்தனை வாட் தேவை?

ஒலிபெருக்கிக்கு ஒரு வாட் தந்து, ஒரு மீட்டர் தொலைவில் கிடைக்கும் ஒலியளவை டெசிபலில் கூறுவது உணர்திறன் எனப்படும். சாதாரணப் பெட்டி ஒலிபெருக்கியின் உணர்திறன் 88 டெசிபல் என்று கொள்வோம். கிளிப்ஷ்ஹார்னுக்கு அந்நிறுவனம் தரும் அளவு சுமார் 104 டெசிபல். இடைவெளி 16 டெசிபல். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் திறன் பத்து மடங்காகும் என்பதால், 16 டெசிபல் என்பது ஏறத்தாழ 40 மடங்கு. அதாவது பெட்டி ஒலிபெருக்கி 100 வாட்டில் எழுப்பும் ஒலியை ஹார்ன் 2.5 வாட்டில் எழுப்பிவிடும்.

வீட்டில் இயல்பாகக் கேட்கும் ஒலி 75 டெசிபல் அளவில் இருக்கும். அறையில் மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்து இரு ஹார்ன்களைக் கேட்பவருக்கு, ஒரு வாட்டிலேயே 95 டெசிபலுக்கு மேல் கிடைக்கும். எனவே 75 டெசிபலுக்குத் தேவைப்படுவது ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு. 200 வாட் ஆம்ப்ளிஃபயரை வாங்கியவர் அதில் 199 வாட்டுகளைத் தொடுவதே இல்லை. இந்த நாட்டுக்கு வேண்டியது நல்ல ஐந்து வாட் ஆம்ப்ளிஃபயர்தான் என்று கிளிப்ஷ் கூறியதாகச் சொல்லப்படுவதன் பொருள் இதுவே.

இரைச்சல் என்னும் சோதனை

உணர்திறன் இசைக்கு மட்டுமன்றி இரைச்சலுக்கும் பொருந்தும். ஓர் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில், பாட்டு ஓடாதபோதும் 2 மில்லிவோல்ட் இரைச்சல் இருக்கிறது என்போம். 8 ஓம் ஒலிபெருக்கியில் இது அரை மைக்ரோவாட். ஒரு வாட்டுக்கு 63 டெசிபல் கீழே. 88 டெசிபல் பெட்டியில் இது 25 டெசிபலாக ஒலிக்கும், யாருக்கும் கேட்காது. 104 டெசிபல் ஹார்னிலோ 41 டெசிபல். இரவின் அமைதியில் நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு ரீங்காரமோ சீறலோ தெளிவாகக் கேட்கும். இரைச்சலை அரை மில்லிவோல்ட்டுக்குக் குறைத்தால் 29 டெசிபலாகி அறையின் அமைதியில் கரைந்துவிடும். ஆகவே ஹார்னுக்கு வாங்கும்போது, பாட்டை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியின் அருகே காதை வைத்துக் கேட்பதே முதல் சோதனை.

அடுத்தது மிகைப்பெருக்கம். சிடி பிளேயர் போன்ற கருவிகள் 2 வோல்ட் வரை தருகின்றன. ஆம்ப்ளிஃபயர் அதை 20 மடங்காக்கினால் 40 வோல்ட். 8 ஓமில் அது 200 வாட். தேவையோ நூறில் ஒரு வாட். எனவே ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழ் தொடக்கத்திலேயே நின்றுவிடும். அந்த இடத்தில் பல குமிழ்கள் இடம், வலம் இரண்டையும் சமமாகத் தருவதில்லை. முன்நிலை ஆம்ப்ளிஃபயருக்கும் திறன் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே இரு மின்தடைகளால் ஆன 10 முதல் 20 டெசிபல் குறைப்பானை வைத்தால், குமிழ் நடுப்பகுதிக்கு வரும்; முன்நிலையின் சீறலும் அதே அளவு குறையும். செலவு மிகக் குறைவு, பலன் பெரிது.

ஆம்ப்ளிஃபயர் வகைகள்

ஒற்றை டிரையோடு வால்வு ஆம்ப்ளிஃபயர்: வெஸ்டர்ன் எலக்ட்ரிக் உருவாக்கிய 300பி வால்வு ஒன்று சுமார் 8 வாட் தரும். ஹார்னுக்கு அது தாராளம். சிறிய ஒலிகளில் திரிபு குறைவு. ஆனால் இழையைச் சூடாக்கும் மின்னோட்டத்தால் ரீங்காரம் எழ வாய்ப்புண்டு, விலையும் அதிகம்.

புஷ்–புல் வால்வு ஆம்ப்ளிஃபயர்: ஈஎல்84 வால்வுகள் இரண்டு சேர்ந்து பத்து வாட்டுக்கு மேல் தரும். மின்வழங்கலின் ரீங்காரம் இதில் பெருமளவு தன்னைத்தானே நீக்கிக்கொள்ளும். பழைய ஹார்ன்களுக்கு நடுவழியான தேர்வு இது.

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்: ஏபி வகையில் அலையின் மேற்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் சுமக்கின்றன. கைமாறும் இடத்தில் சரியாக அமைக்காவிட்டால் சிறு திரிபு தோன்றும். ஒலி சிறியதாக இருக்கும்போது அத்திரிபின் பங்கு பெரிதாகிறது. ஹார்ன் எப்போதும் சிறிய ஒலியிலேயே வேலை செய்வதால் இதை மறைக்காது. எனவே முழுத் திறனில் தரப்பட்ட திரிபளவைப் பார்க்காமல், 0.1 வாட்டில் உள்ள அளவைப் பார்க்க வேண்டும். ஏ வகை டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் இந்தக் கைமாற்றம் இல்லை. வெப்பம் மட்டும் அதிகம்.

இம்பீடன்ஸ் பொருத்தம்

மாறுதிசை மின்னோட்டத்துக்கு ஒரு சுற்று காட்டும் மின்னெதிர்ப்பே இம்பீடன்ஸ். ஆல்டெக் நிறுவனத்தின் பழைய ஒலிபெருக்கிகள் பல 16 ஓம் உடையவை. வால்வு ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்மாற்றியில் 4, 8, 16 ஓம் முனைகள் இருந்தால், உரியதில் இணைக்கலாம். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் 16 ஓமை இணைத்தால் திறன் ஏறத்தாழப் பாதியாகும். வேறு தீங்கு இல்லை.

ஒலிபெருக்கியின் மேல் எழுதியுள்ள எண் பெயரளவுக்கானது. உண்மையில் அதிர்வெண்ணுக்கேற்ப அது மாறும். 6 ஓமிலிருந்து 30 ஓம் வரை மாறும் ஒலிபெருக்கியை, 2.5 ஓம் உள் இம்பீடன்ஸ் கொண்ட வால்வு ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால், 30 ஓம் உள்ள இடம் மற்றதைவிட 2.3 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். ஒரே ஹார்ன் ஓர் ஆம்ப்ளிஃபயரில் இதமாகவும் இன்னொன்றில் கூர்மையாகவும் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உள் இம்பீடன்ஸ் மிகக் குறைந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் இந்த வேறுபாடு தோன்றாது. வால்வு ஆம்ப்ளிஃபயரில் பக்கத்து முனையில் மாற்றி இணைத்துக் கேட்டுப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

ஆம்ப்ளிஃபயரை மாற்றும் முன்

குறை ஒலிபெருக்கியில் இருக்க, ஆம்ப்ளிஃபயரை மாற்றிக்கொண்டே போவது வழக்கமான தவறு. ஒலியைத் தாழ், நடு, உயர் எனப் பிரித்தளிக்கும் கிராஸ்ஓவர் சுற்றில் உள்ள மின்தேக்கிகள் ஐம்பது ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அப்போது உயர் ஒலி மங்கும். அவற்றை அளந்து பார்த்து, அதே மைக்ரோஃபாரட் மதிப்புள்ள புதியவற்றை இடுவதே முதல் மேம்பாடு. 1970களுக்கு முந்தைய எண்ணெய் மின்தேக்கிகள் சிலவற்றில் பிசிபி என்னும் நச்சு எண்ணெய் உண்டு; அவற்றை உடைத்துப் பார்க்கக் கூடாது.

கிளிப்ஷ்ஹார்னுக்கு மூலையும் ஒரு பாகம். பெட்டிக்கும் சுவருக்கும் இடையே இடைவெளி இருந்தால் தாழ் ஒலி குறையும். மூலையில் கதவோ சன்னலோ இருந்தால் பலகையால் செயற்கை மூலை அமைப்பர்.

பாதுகாப்பு

உயர் ஒலிக்கான சிறு தகடு சில வாட்டுகளையே தாங்கும். கிளிப்ஷ் தமது ஏஏ வகை கிராஸ்ஓவரில் அதைக் காக்க ஜீனர் டையோடுகளை வைத்தார். பெரிய ஆம்ப்ளிஃபயர் இயக்கும்போது எழும் ஒரு ‘தம்’ ஒலி, பழுதில் வெளிவரும் நேர்மின்னோட்டம், தவறுதலாகத் திருப்பிய குமிழ் ஆகிய ஒவ்வொன்றும் பழைய தகட்டின் முடிவாகலாம். கிராஸ்ஓவரை நீக்கி ஹார்னை நேரடியாகத் தனி ஆம்ப்ளிஃபயரில் இணைப்போர், தொடரில் ஒரு காப்பு மின்தேக்கியை வைப்பது அவசியம்.

வால்வு ஆம்ப்ளிஃபயரை ஒலிபெருக்கி இணைக்காமல் இயக்கக் கூடாது; வெளியீட்டு மின்மாற்றி பழுதாகலாம். அதனுள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கும். நிறுத்திய பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். பயிற்சி இல்லாதவர் மூடியைத் திறப்பது உயிருக்கு ஆபத்து. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய கருவிகள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானவை. அவற்றை இந்தியாவின் 230 வோல்ட்டில் நேரடியாக இணைத்தால் எரிந்துவிடும். மின்னழுத்தம் குறைக்கும் மின்மாற்றியோடு இணைத்தாலும், 50 ஹெர்ட்ஸில் சில கருவிகள் கூடுதலாகச் சூடாகும்.

காதுக்கும் காப்பு வேண்டும். திரிபு குறைவாக இருப்பதால் ஹார்னின் ஒலி உரக்க இருப்பதே தெரியாது. 85 டெசிபலை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது 15 நிமிடமே.

விழா ஒலிபெருக்கிகள் வேறு

தமிழ்நாட்டில் திருவிழாக்களில் கட்டப்படும் கூம்பு வடிவ ஒலிபெருக்கியும் ஹார்னே. அது பேச்சுக்குரிய நடு அதிர்வெண்களைத் தொலைவுக்கு அனுப்பச் செய்யப்பட்டது. தாழ் ஒலி அதில் வராது. பல நேரம் 100 வோல்ட் கம்பி முறைக்கான மின்மாற்றியும் உள்ளே இருக்கும். அதனால் அதை அப்படியே வீட்டு ஆம்ப்ளிஃபயரில் இணைத்து இசை கேட்க இயலாது.

மேம்படுத்தும் வரிசை

முதலில் ஒலிபெருக்கியின் இணைப்புகளையும் மின்தேக்கிகளையும் சரிசெய்தல்; பின் அறையில் உரிய இடத்தில் வைத்தல்; பிறகு இருக்கும் ஆம்ப்ளிஃபயரிலேயே இரைச்சலையும் மிகைப்பெருக்கத்தையும் குறைத்தல். இம்மூன்றும் முடிந்தபின் குறை எஞ்சினால் மட்டும் புதிய ஆம்ப்ளிஃபயரைத் தேடலாம். இந்த வரிசையில் செல்வோரில் பலருக்குக் கடைசிப் படி தேவைப்படுவதில்லை.