வல்லைவெளிக் காற்றும் முன்சில்லு மோட்டாரும்

சைக்கிள் தேசம் – 17

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. சுண்ணாம்புக்கல் தரை ஒரே மட்டமாகக் கிடக்கிறது. சைக்கிள் ஓட இதைவிடச் சுகமான இடம் உண்டா என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். சோளகம் வீசும் மாதங்களில் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி வல்லைவெளியைக் கடந்தவர்களிடம் அதைக் கேட்கக் கூடாது. மதிலோ மரமோ இல்லாத அந்த வெட்டையில், இளந்தாரிகளே இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதுண்டு. பண்ணைத் தாம்போதியிலும் இதே கதைதான்.

கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். சாதாரண ஆள் ஒருவரின் கால் களைக்காமல் தொடர்ந்து தரக்கூடியது ஏறத்தாழ 100 வாற். காற்றில்லாத நாளில் நிமிர்ந்திருந்து மணிக்கு 20 கிலோமீற்றர் ஓட அது போதும். அதே 20 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் வேகம் பாதியாகிவிடும். இழந்த வேகத்தை மீட்க இன்னும் 200 வாற் வேண்டும். சந்தையில் கிடைக்கும் 250 வாற் சிறு மோட்டார் செய்து முடிக்கிற வேலை அது.

அந்த மோட்டாரை எங்கே பூட்டுவது?

1993-இல் யமஹா நிறுவனம் ஜப்பானில் விற்பனைக்கு விட்ட ‘பாஸ்’ சைக்கிளில், மோட்டாரும் காலும் ஒரே செயினைத்தான் இழுத்தன. மிதிக்கும் பலத்தை உணர்ந்து மோட்டார் கை கொடுக்கும். மேடு பள்ளம் நிறைந்த ஊருக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் இரண்டு பேரின் சுமையையும் ஒரே செயின் தாங்குகிறது; அது அறுந்தால் மோட்டாரும் இல்லை, காலும் இல்லை.

இன்னொரு வழி, இரண்டையும் பிரித்துவிடுவது. பிரான்சில் 1946-இல் விற்பனைக்கு வந்த ‘வேலோசொலெக்ஸ்’ அப்படிப்பட்டது. முன்சில்லுக்கு மேலே குட்டி எஞ்சின். அதன் உருளை ரயரில் அழுந்தி முன்சில்லைச் சுழற்றும். பின்சில்லு பெடலுக்கும் செயினுக்கும் உரியது. மழை பெய்தால் உருளை வழுக்கும் என்பது ஒரு குறை. எண்ணெய் தீர்ந்தாலோ, நெம்பைப் பிடித்து எஞ்சினை ரயரிலிருந்து தூக்கிவிட்டு உழக்கிக்கொண்டு வீடு போய்விடலாம்.

எண்ணெய் தீரும் நாளைப் பற்றி யாழ்ப்பாணத்துக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் பெற்றோலுக்கும் பற்றரிக்கும் தடை வந்தது, மின்சாரமும் போனது. சில துளி பெற்றோல் காட்டிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின மோட்டார் சைக்கிள்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, கரியரிலும் பாரிலும் ஏற்றக்கூடியதே பலருக்கு மொத்தச் சொத்து.

2022-இல் இன்னொரு தடவை. அந்த ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. பிறகு கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். கொட்டிலில் கிடந்த பழைய லுமாலா சைக்கிள்களுக்கு ரியூப் மாற்றிக் காற்றடித்தார்கள்.

ஆகவே இங்கே மின்சைக்கிள் கட்டுபவர் முதலில் பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல. மோட்டார் நின்றாலும் பெடல் ஓட வேண்டும். செயின் அறுந்தாலும் மோட்டார் ஓட வேண்டும். அதற்கு மிக எளிய வழி, முன்சில்லின் குடத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் வகை. உள்ளே பற்சில்லு வைத்த மோட்டாராகப் பார்த்து வாங்க வேண்டும். அதில் ஒருவழிப் பிடி இருப்பதால், மின்சாரம் இல்லாதபோது சில்லு தடையின்றி உருளும். பற்சில்லு இல்லாத நேரடி மோட்டார், உழக்கும்போது காந்த இழுவையால் பின்னுக்கு இழுத்துக்கொண்டே வரும்.

கோளாறு தொடங்கும் இடம் அச்சு. சில்லை முன்னுக்குச் சுழற்றும் மோட்டார், தன் அச்சைப் பின்னுக்குத் திருகப் பார்க்கும். அச்சின் இரு பக்கமும் தட்டையாகச் சீவியிருப்பது, முன்சில்லைப் பிடிக்கும் போர்க்கின் காதுக்குள் அது சுழலாமல் நிற்கத்தான். அலுமினியப் போர்க்காக இருந்தால் காது பிளந்து, ஓடும்போதே சில்லு கழன்றுவிடக்கூடும். பழைய பாரச் சைக்கிளின் இரும்புப் போர்க் இங்கே பெரிய வரம். ஆனாலும் அச்சைப் பிடித்துப் போர்க் காலோடு இறுக்கும் இரும்புக் கை ஒன்றைக் கட்டாயம் பூட்ட வேண்டும். இதில் காசு மிச்சம் பிடிப்பவர் பல்லைப் பணயம் வைக்கிறார்.

பின்சில்லின் இடப்பக்கத்தில் இரண்டாவது செயின் போட்டு மோட்டாரை இணைப்பவர்களும் உண்டு. மணற்காட்டுப் பக்கம் மணலில் முன்சில்லு மோட்டார் பிடிப்பில்லாமல் சுற்றும் என்பதால் அதற்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் வழக்கமான பிரீவீலை இடப்பக்கம் மாட்டினால் அது எதிர்த்திசையில்தான் பிடிக்கும். பிடிக்கும் திசையும் மரையும் மாறிய பிரீவீல் தேட வேண்டும், அல்லது லேத் பட்டறையில் வேலை செய்விக்க வேண்டும். முதன்முறை கட்டுபவருக்கு வேண்டாத தலையிடி.

பற்றரி 36 வோல்ற், 10 அம்பியர்-மணி என்றால் உள்ளே இருப்பது 360 வாற்-மணி. கிலோமீற்றருக்கு 10 வாற்-மணி செலவானால் 36 கிலோமீற்றர் ஓடலாம். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு ஏறத்தாழ 33. போய்ச் சேரலாம், திரும்பி வர அங்கே யார் வீட்டிலாவது சார்ஜ் போட வேண்டும், அல்லது உழக்க வேண்டும். போகும்போதும் வரும்போதும் காலும் பாதி வேலை செய்தால் இரண்டு வழிக்கும் பற்றரி காணும்.

இந்தியாவில் 250 வாற்றுக்குள், மணிக்கு 25 கிலோமீற்றருக்குள் ஓடும் மின்வண்டிக்குப் பதிவு வேண்டியதில்லை. அந்த விதியை இங்கே யாரும் ஆதாரமாகக் காட்ட முடியாது. சாமான் வாங்குவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்த வாரம்: பற்றரியை எங்கே கட்டுவது, கடற்கரை உப்புக்காற்றிலிருந்து வயர் முனைகளை எப்படிக் காப்பது?