மின்னஞ்சல் மென்பொருளில் தோன்றும் தற்காலிகக் கோப்புப் பிழைகள்

கணினியில் நிறுவிப் பயன்படுத்தப்படும் மின்னஞ்சல் மென்பொருள்களுள் தண்டர்பேர்டும் அவுட்லுக்கும் பரவலாக அறியப்பட்டவை. ஓர் அஞ்சலை அனுப்ப முற்படும்போதோ அதனுடன் வந்த இணைப்பைத் திறக்கும்போதோ, தற்காலிகக் கோப்பை உருவாக்க இயலவில்லை என்று இவை காட்டும் அறிவிப்பு, சேர்த்துவைத்த அஞ்சல்கள் அனைத்தும் அழிந்துவிட்டனவோ என்ற அச்சத்தைப் பயனரிடம் உண்டாக்கிவிடுகிறது. அந்த அச்சத்தில் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதும், கண்ணில் படும் கோப்புகளையெல்லாம் அழிப்பதும்தான் உண்மையான இழப்பில் கொண்டுபோய் விடுகின்றன. பிழை தானாக எந்த அஞ்சலையும் அழிப்பது அரிது. அது எந்தக் கட்டத்தில் தோன்றியது என்பதை அறிந்து, சேதம் விளைவிக்காத சோதனைகளிலிருந்து தொடங்கினால், பெரும்பாலான பிழைகளை வல்லுநர் துணையின்றியே தீர்த்துவிடலாம்.

தற்காலிகக் கோப்பு என்பது ஒரு மென்பொருள் தன் வேலையின் நடுவே உருவாக்கி, வேலை முடிந்ததும் தானே நீக்கிவிடும் கோப்பாகும். அன்றாட வரவு செலவைச் சிட்டையில் குறித்து, கூட்டிச் சரிபார்த்த பிறகே பேரேட்டில் ஏற்றும் கணக்குப்பிள்ளையைப் போல, மின்னஞ்சல் மென்பொருளும் அரைகுறையாக உள்ளதை நிலையான அஞ்சல் பெட்டியில் எழுதாமல், தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்த பின்பே உரிய இடத்தில் சேர்க்கிறது. நடுவில் மின்சாரம் போனாலும் அஞ்சல் பெட்டி கெடாமல் காப்பதற்கான ஏற்பாடு இது.

அனுப்பும்போதும் பெறும்போதும் நிகழ்வது

தண்டர்பேர்டில் அனுப்பும் பொத்தானை அழுத்தியவுடன், எழுதிய வாசகமும் இணைத்த கோப்புகளும் ஒன்றாகக் கோக்கப்பட்டு, விண்டோஸில் தற்காலிகக் கோப்புகளுக்கென உள்ள டெம்ப் கோப்புறையில் ஒரே கோப்பாக எழுதப்படுகின்றன. மின்னஞ்சல் தொடக்கத்தில் வெறும் எழுத்துகளைச் சுமப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டதால், படம், பிடிஎஃப் போன்ற இணைப்புகள் பேஸ்64 என்னும் முறைப்படி எழுத்துகளாக மாற்றப்படுகின்றன. இம்முறையில் 3 பைட்டுகள் 4 எழுத்துகளாகின்றன என்பதால், 15 மெகாபைட் அளவுள்ள ஓர் இணைப்பு தற்காலிகக் கோப்பில் 20 மெகாபைட்டுக்கு மேல் இடம்பிடிக்கிறது. அஞ்சல் வழங்கிக்குச் சென்று சேர்ந்த பின்பு, அதே கோப்பிலிருந்து ஒரு படி 'அனுப்பியவை' கோப்புறையில் சேர்க்கப்படுகிறது. இந்தக் கடைசிக் கட்டத்தில் மட்டும் பிழை நேர்ந்தால் அஞ்சல் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும். அதை உணராமல் மறுபடி அனுப்பினால் பெறுநருக்கு ஒரே அஞ்சல் இருமுறை செல்லும். எனவே அறிவிப்பின் வாசகத்தை முழுமையாகப் படித்து, பிழை அனுப்புவதற்கு முன் நேர்ந்ததா, படியைச் சேமிக்கும்போது நேர்ந்ததா என்று பிரித்தறிவது முதல் கடமையாகிறது.

பெறும் அஞ்சலைப் பொறுத்தவரை, வழங்கியிலிருந்து அஞ்சலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப்3 நெறிமுறையே ஒரு பாதுகாப்பை அளிக்கிறது. 1996-இல் வெளியான அதன் வரையறைப்படி, இறக்கப்பட்ட அஞ்சல்கள் நீக்குவதற்கென முதலில் குறிக்கப்படுகின்றனவே ஒழிய, மென்பொருள் முறையாக விடைபெறும் கட்டளையை அனுப்பிய பிறகுதான் வழங்கியிலிருந்து உண்மையில் நீக்கப்படுகின்றன. ஆகவே, தற்காலிகக் கோப்பை எழுத முடியாமல் இறக்கம் பாதியில் நின்றுபோனால், அந்த அஞ்சல் பொதுவாக வழங்கியிலேயே இருக்கும். அஞ்சலை வழங்கியிலேயே வைத்துக் கையாளும் ஐமேப் முறையில் இந்த அச்சம் இன்னும் குறைவு.

நான்கு சோதனைகள்

முதற்சோதனை இடம் பற்றியது. விண்டோஸ் நிறுவப்பட்டுள்ள சி வட்டில் காலியிடம் தீர்ந்துவிட்டால், அஞ்சல்கள் வேறு வட்டில் சேமிக்கப்பட்டிருந்தாலும் தற்காலிகக் கோப்பை எழுத முடியாது. ஏனெனில் டெம்ப் கோப்புறை வழக்கமாக சி வட்டில் பயனர் கணக்கின் கீழ்தான் அமைந்திருக்கும்.

இரண்டாவது சோதனை, அந்தக் கோப்புறை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்பது. விண்டோஸ் விசையையும் ஆங்கில ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் தோன்றும் ரன் பெட்டியில், டெம்ப் என்ற ஆங்கிலச் சொல்லின் இருபுறமும் சதவீதக் குறியிட்டு உள்ளிட்டால், மென்பொருள்கள் பயன்படுத்தும் அதே கோப்புறை திறக்கும். திறக்காவிட்டால், அதன் முகவரி கழற்றப்பட்ட வட்டையோ இல்லாத இடத்தையோ சுட்டுகிறது என்று பொருள். விண்டோஸின் சூழல் மாறிகள் என்னும் அமைப்புப் பகுதியில் அதைத் திருத்த வேண்டும்.

மூன்றாவது, அனுமதி. திறந்த கோப்புறைக்குள் வெற்று உரைக்கோப்பு ஒன்றைக் கையாலேயே உருவாக்கிப் பார்ப்பது எளிய சோதனையாகும். அது தடையின்றி உருவானால் அனுமதி சரியாக உள்ளது என்று கொண்டு, பழுதை மென்பொருளின் பக்கம் தேடலாம். லினக்ஸ் கணினிகளில் டெம்ப் கோப்புறை எல்லாப் பயனர்களுக்கும் பொதுவானது. ஆயினும் ஒருவர் உருவாக்கிய கோப்பை இன்னொருவர் அழிக்க முடியாதபடி ஸ்டிக்கி பிட் என்னும் குறி அதைக் காக்கிறது. நிர்வாகி உரிமையுடன் ஒருமுறை மென்பொருளை இயக்கியபோது தங்கிப்போன கோப்பு, பிறகு சாதாரணப் பயனருக்கு முட்டுக்கட்டையாக நிற்பது இதனால்தான். அக்கோப்பை நிர்வாகியே நீக்க வேண்டும்.

நான்காவது, ஆன்டிவைரஸ் மென்பொருளின் குறுக்கீடு. தண்டர்பேர்ட் இயல்பாகப் பயன்படுத்தும் எம்பாக்ஸ் வடிவத்தில், ஒரு கோப்புறையின் அஞ்சல்கள் அனைத்தும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து எழுதப்படுகின்றன. அவற்றுள் ஒன்றில் தீங்குநிரல் இருப்பதாக ஆன்டிவைரஸ் கருதினால், அந்த முழுக் கோப்பையுமே அது தனிமைப்படுத்திவிடும் அபாயம் உண்டு. இதைத் தவிர்க்கவே, வரும் ஒவ்வோர் அஞ்சலையும் முதலில் தனித் தற்காலிகக் கோப்பாக எழுதி, ஆன்டிவைரஸ் ஆராய்ந்த பிறகு அஞ்சல் பெட்டியில் சேர்க்கும் தெரிவு தண்டர்பேர்டின் பாதுகாப்பு அமைப்புகளில் வைக்கப்பட்டுள்ளது. எனினும் ஆராயும் நொடிகளில் ஆன்டிவைரஸ் அக்கோப்பைப் பிடித்துவைத்துக்கொண்டால், மென்பொருளால் அதைத் திறக்க இயலாமல் பிழை தோன்றும். அந்தத் தெரிவைச் சற்று நேரம் மாற்றிப் பார்ப்பதும், அஞ்சல்கள் சேமிக்கப்படும் ப்ரொஃபைல் கோப்புறையை ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேர்ப்பதும் இதற்கு உரிய வழிகள். ஆன்டிவைரஸையே நிரந்தரமாக நிறுத்திவிடுவது வழியாகாது.

பெயர்கள் தீர்ந்துபோகும்போது

அவுட்லுக்கில் தோன்றும் பிழை வேறு வகையானது. அதில் ஓர் இணைப்பை நேரடியாகத் திறக்கும்போது, கன்டென்ட்.அவுட்லுக் என்னும் மறைவான கோப்புறையில் அதன் படி ஒன்று எழுதப்பட்டு, அந்தப் படியே பயனருக்குக் காட்டப்படுகிறது. இணைப்பை மூடாமல் அவுட்லுக்கை மூடினால் அந்தப் படி அங்கேயே தங்கிவிடும். அடுத்தமுறை அதே பெயருள்ள இணைப்பைத் திறந்தால், பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் சேர்க்கப்பட்டு இன்னொரு படி உருவாகிறது. இவ்வாறு எண் 99-ஐத் தொட்ட பிறகு புதிய பெயரைச் சூட்ட வழியின்றி, கோப்பை உருவாக்க இயலவில்லை என்று அவுட்லுக் அறிவிக்கிறது. நாள்தோறும் ஒரே பெயரில் விலைப்பட்டியலோ வருகைப் பதிவோ வந்துசேரும் அலுவலகங்களில் இந்தப் பிழை தலைகாட்டுவதற்கும், மற்ற இணைப்புகள் சரியாகத் திறக்க அந்த ஒன்று மட்டும் மறுப்பதற்கும் காரணம் இதுவே. அவுட்லுக்கை மூடிவிட்டு அக்கோப்புறையில் தங்கியிருப்பவற்றை நீக்கினால் பிழை மறையும்; அதன் சரியான முகவரி, விண்டோஸின் அமைப்பு விவரங்களைச் சேமிக்கும் ரிஜிஸ்ட்ரியில் அவுட்லுக்செக்யூர்டெம்ப்ஃபோல்டர் என்ற பெயரின் கீழ்ப் பதிவாகியிருக்கும்.

இந்தக் கோப்புறையைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. இணைப்பைத் திறந்து, அதிலேயே திருத்தங்கள் செய்து சேமித்தால், அவை தற்காலிகப் படியில்தான் சேர்கின்றன என்பதால் எளிதில் தொலைந்துபோகும். திருத்த வேண்டிய எந்த இணைப்பையும் முதலில் தனி இடத்தில் சேமித்துக்கொண்டே திறக்க வேண்டும். மேலும், வங்கிக் கணக்கு அறிக்கை, மருத்துவ அறிக்கை போன்றவற்றின் படிகள் பலர் புழங்கும் கணினியில் இவ்வாறு தங்கிவிடுவது அந்தரங்கத்துக்கு ஊறு விளைவிக்கும்.

அழிப்பதற்கு முன்

தண்டர்பேர்டில் ஓர் அஞ்சலை அழித்தாலும், எம்பாக்ஸ் கோப்பில் அது நீக்கப்பட்டதாகக் குறிக்கப்படுகிறதே தவிர, உடனே மறைந்துவிடுவதில்லை. கோப்புறையைச் சுருக்கும்போது, மீதமுள்ள அஞ்சல்கள் மட்டும் புதிய கோப்பில் படியெடுக்கப்பட்டு, அது பழைய கோப்பின் இடத்தைப் பெறுகிறது. எனவே அஞ்சல் பெட்டி 3 ஜிகாபைட் அளவில் இருந்தால், சுருக்குவதற்கு ஏறத்தாழ அதே அளவு காலியிடம் தேவைப்படலாம். இந்த வேலை இடையில் முறிந்தால், என்எஸ்டிஎம்பி என்ற பெயரில் ஒரு கோப்புறை பக்கப் பட்டியலில் தோன்றுவது பல பதிப்புகளில் காணப்படும் நிகழ்வாகும். அதைக் குப்பையென்று உடனே அழித்துவிடாமல், உள்ளே இருக்கும் அஞ்சல்கள் மூலக் கோப்புறையிலும் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும். டெம்ப் கோப்புறையில் கிடக்கும் கோப்புகளை, மென்பொருள்களை மூடிய பின்பு நீக்குவதில் பெரும்பாலும் தீங்கில்லை. ப்ரொஃபைல் கோப்புறைக்குள் இருப்பதையோ, தற்காலிகக் கோப்பைப் போலப் பெயர் கொண்டிருந்தாலும், காப்புப்பிரதி எடுக்காமல் தொடவே கூடாது. தண்டர்பேர்டை மூடிவிட்டு ப்ரொஃபைல் கோப்புறை முழுவதையும் வெளிவட்டு ஒன்றில் படியெடுத்தாலே காப்புப்பிரதி ஆகிவிடும். எஃப்ஏடி32 முறையில் அமைந்த பென் டிரைவில் 4 ஜிகாபைட் அளவுள்ள தனிக் கோப்பைச் சேமிக்க முடியாது என்பதால், பெரிய அஞ்சல் பெட்டி உள்ளவர்கள் என்டிஎஃப்எஸ் போன்ற முறையில் அமைந்த வட்டை இதற்குப் பயன்படுத்த வேண்டும். பழுது நீக்கும் வேலையில் காப்புப்பிரதியே முதல் படி. அது கையில் இருக்கும்வரை, மேற்சொன்ன சோதனைகளுள் எது தவறிப்போனாலும் தொடங்கிய இடத்துக்குத் திரும்பிவிடலாம்.