பிரதமர் பேரே டைப் ஆகலை!

ஒரு நாட்டோட பிரதமர் பேரையே கம்ப்யூட்டரில் அடிக்க முடியலைன்னா எப்படி இருக்கும்? சீனாவில் நடந்திருக்கு பாஸ்! 1998 முதல் 2003 வரை அங்கே பிரதமராக இருந்தவர் ஜூ ரோங்ஜி. அவர் பேரில் வரும் 'ரோங்' என்ற எழுத்து, அந்த நாட்டின் 1980-ம் வருஷத்து எழுத்துப் பட்டியலில் கிடையாது. தைவானிலும் இதே கூத்து. 2002 முதல் 2005 வரை பிரதமராக இருந்த யூ ஷிகுன் பேரின் கடைசி எழுத்து, அங்கே புழங்கிய பட்டியலில் இல்லை. அந்த ஒரே எழுத்தை மூணு துண்டாகப் பிரிச்சு, மூணு எழுத்தா அடிச்சு ஒப்பேத்தினாங்க.

பிரதமருக்கே இந்தக் கதின்னா, குறும்படம் எடுத்து டிவிடி போடுற பசங்க நிலைமை? மெனுவில் ஆசையாகப் பேர் அடிச்சா, திரையில் வர்றது வெறும் கட்டம்தான்!

காரணம் சிம்பிள். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, நம்பர்தான் தெரியும். சீனாவின் 'ஜிபி 2312' பட்டியலில் 6,763 சீன எழுத்துகளுக்கு நம்பர் கொடுத்தாங்க. 1984-ல் தைவானில் வந்த 'பிக்ஃபைவ்' பட்டியலில் சுமார் 13,000. ரெண்டுக்கும் நம்பர் வேற வேற. 1990-களில் யூனிகோட் வந்து எல்லாத்தையும் ஒரே குடையின் கீழ் கொண்டு வந்தது. ரெண்டு பிரதமர்களின் எழுத்தும் அதில் இருக்கு. ஆனா, 2000-களில் டிவிடி மெனு செய்யும் சாஃப்ட்வேர்கள் பல, பழைய பட்டியலை நம்பியே ஓடின.

உங்க திரையில் என்ன தெரியுதுன்னு பாருங்க, வியாதி புரிஞ்சிடும்.

கட்டம் கட்டமா வந்தா, நம்பர் சரி. அந்த ஃபாண்ட்டில் உருவம் இல்லை. சீன ஃபாண்ட்டுக்கு மாத்தினால் போதும்.

சம்பந்தமில்லாத எழுத்துகள் வந்தா, பட்டியல் மாறிப் போச்சு. சீனர்கள் இதை 'லுவான்மா'ன்னு சொல்வாங்க. விண்டோஸில், யூனிகோட் இல்லாத புரோகிராம்களுக்கான மொழியைச் சீனமாக மாத்தி, ரீஸ்டார்ட் பண்ணணும்.

கேள்விக்குறி வந்தா, நம்பரே தொலைஞ்சாச்சு. ஃபாண்ட் மாத்தி பிரயோஜனம் இல்லை, திரும்ப அடிக்கணும்.

இப்போ முக்கியமான மேட்டர். இவ்வளவு தலைவலியும் கம்ப்யூட்டரில் மட்டும்தான். டிவிடி ப்ளேயருக்கு உங்க மெனுவைக் காட்டச் சீன ஃபாண்ட் தேவையே இல்லை! அதைப் பொறுத்தவரை மெனுங்கிறது எம்பெக்-2 படம். பட்டனை ஹைலைட் பண்ண, மேலே நாலே கலரில் ஒரு மெல்லிய அடுக்கு. சப்டைட்டிலும் அதே மாதிரி படம்தான்.

இதில் ஒரு வசதி, ஒரு ஆபத்து. மெனு முழுக்க ஃபோட்டோஷாப்பில் செஞ்சு, பின்னணிப் படமா கொண்டு வந்துட்டா, எந்த எழுத்தும் மக்கர் பண்ணாது. பட்டியலில் இல்லாத எழுத்தைக்கூட வரைஞ்சே வெச்சிடலாம். ஆனா, கேள்விக்குறியோட டிஸ்க் ரைட் பண்ணிட்டா, எந்த ப்ளேயரில் போட்டாலும் அது கேள்விக்குறிதான்.

சைஸிலும் கவனம் தேவை. சீனாவின் 'பால்' முறையில் டிவிடி படம் 720க்கு 576 புள்ளிகள். தைவானின் 'என்டிஎஸ்சி'யில் 720க்கு 480. இந்தச் சின்ன இடத்தில், உடம்பைக் குறிக்கும் 'டி' என்ற எழுத்தைத் தைவான் பாணியில் எழுதினா 23 கோடுகள்! சீனாவின் எளிய வடிவத்தில் 7 போதும். எழுத்து சின்னதா இருந்தா கோடெல்லாம் ஒட்டிக்கிட்டு மை கொட்டின மாதிரி ஆகிடும். படுக்கைக்கோடு மெலிசா இருக்கும் 'சோங்' வகை ஃபாண்ட், பழைய டிவியில் நடுங்கும். எல்லாக் கோடும் ஒரே தடிமனில் இருக்கும் 'ஹேய்' வகைதான் பெஸ்ட்.

சீனம் தெரியாத கண்ணுக்குத் தப்பு தெரியாது. அதனால, முதலில் ஆர்டபிள்யூ டிஸ்க்கில் ரைட் பண்ணி, டிவியில் போட்டு, அந்த மொழி படிக்கத் தெரிஞ்ச ஒருத்தரிடம் காட்டுங்க. முதல்ல பேர்களைப் படிக்கச் சொல்லுங்க. 'ப்ளே', 'பேக்' எல்லாம் எப்படியும் சரியா வந்துடும். அரிய எழுத்து ஒளிஞ்சிருக்கிறது, படத்தில் வேலை செஞ்சவங்க பேரில்தான்!