பலாக்கன்று இடம் மாறும்போது

பலாவைப் பிடுங்கி நட்டால் பிழைக்காது என்பார்கள் பண்ருட்டிப் பக்கம். கொட்டையை ஊன்றிய இடத்திலேயே அது மரமாக வேண்டும். ஆகவே ஊன்றும்போதே பேரன் காலத்தை நினைத்து இடம் பார்க்க வேண்டும் என்பது பெரியவர்கள் கணக்கு.

அண்ணாகிராமத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் அந்தக் கணக்கு தப்பிவிட்டது. யாரோ தின்றுவிட்டு எறிந்த பலாக்கொட்டை ஒன்று, துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் மதில் ஓரமாக முளைத்துக்கொண்டது. துவைத்த தண்ணீரைக் குடித்தே இடுப்பு உயரம் வளர்ந்துவிட்டது. மதிலுக்கும் அதற்கும் இரண்டடிகூட இல்லை. விட்டுவைத்தால் ஒருநாள் மதில் போகும். வெட்டவோ யாருக்கும் மனம் வரவில்லை.

“பேத்து வைக்கலாம். ஆனா அவசரப்படக் கூடாது. மூணு மாசம் ஆவும், பரவால்லியா?” என்று கேட்டார் பெரியப்பா. கன்றைப் பெயர்ப்பது ஒரு மாலை நேரத்து வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். மூன்று மாதம் எதற்கு என்பது அந்த வேலை முடிந்தபோதுதான் புரிந்தது.

ஒரு கன்றுக்கு இத்தனை பாடா?

இந்தக் கடலூர் மாவட்டத்தில் பலா என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். 2011 டிசம்பர் 30 அன்று காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசிய காற்றில் பண்ருட்டி வட்டாரத்தின் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. தாத்தா வைத்த மரம், அப்பா பழம் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த மரம் என்று பெயர் சொல்லி வளர்ந்தவை அவை.

நெல் போனால் அடுத்த பட்டத்தில் நட்டுக்கொள்ளலாம். பலா அப்படியில்லை. கொட்டை போட்டு வந்த மரம் காய்க்க எட்டு வருடம் ஆகும். ஒட்டுக்கன்று என்றாலும் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். தானே புயலுக்குப் பிறகு வைத்த கன்றுகளின் மூசுப் பிஞ்சைப் பார்ப்பதற்குள் பல வீடுகளில் ஒரு தலைமுறையே வேறு வேலைக்குப் போய்விட்டது. ஒரு பலாக்கன்றின் மதிப்பை அந்தக் காத்திருப்பை வைத்துத்தான் போட வேண்டும்.

ஆணிவேரின் குணம்

பலாக்கொட்டை முளைக்கும்போது முதலில் கீழே இறங்குவது ஆணிவேர். மேலே இரண்டு இலை விடுவதற்குள் அது மண்ணுக்குள் வெகுதூரம் போயிருக்கும். பக்க வேர்கள் பிறகுதான் பரவும். மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுவது அந்தப் பக்க வேர்களின் நுனியில் இருக்கும் மெல்லிய சல்லிவேர்கள்தான். கடப்பாரை போட்டுக் கன்றைத் தூக்கும்போது ஆணிவேர் அறுபடுகிறது, சல்லிவேர்கள் மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. மேலே இலைகளோ எப்போதும்போல் வெயிலில் நீரை விட்டுக்கொண்டே இருக்கின்றன. வரவு நின்றுபோய்ச் செலவு மட்டும் நடக்கிற வீடு எத்தனை நாள் தாங்கும்? நான்கே நாளில் கன்று வாடிவிடும்.

குளிர்நாடுகளில் செர்ரிக் கன்றை எளிதாகப் பெயர்த்து நடுகிறார்கள். குளிர்காலத்தில் செர்ரி இலையெல்லாம் உதிர்த்துவிட்டு உறங்கும். இலை இல்லாததால் நீர்ச் செலவும் இல்லை. அப்போது வேரில் மண்ணே ஒட்டாமல் எடுத்து நட்டாலும், வசந்தத்தில் கண் விழித்துத் துளிர்க்கும். பலாவுக்கு அப்படி ஓர் உறக்கம் கிடையாது. வருடம் முழுக்கப் பச்சை. அதனால் அதைப் பெயர்க்கும்போது ஓய்வை நாம்தான் உண்டாக்கித் தர வேண்டும்.

செர்ரியே என்றாலும் வேரை அலட்சியம் செய்தால் மன்னிக்காது. 1910இல் டோக்கியோ நகரம் வாஷிங்டனுக்கு 2,000 செர்ரி மரங்களைப் பரிசாக அனுப்பியது. போய்ச் சேர்ந்த மரங்களைச் சோதித்தால் பூச்சியும் வேரில் நூற்புழுவும் இருந்தன. அத்தனையையும் எரித்துவிட்டார்கள். ஜப்பானியர்கள் மனம் தளரவில்லை. மறுபடி கவனமாக வளர்த்து அனுப்பிய 3,020 கன்றுகள் 1912இல் வந்து சேர்ந்தன. இன்று உலகமே போய்ப் பார்க்கும் அந்தப் பூந்தோட்டம் இரண்டாம் முயற்சியில் வந்தது. இடம் மாறும் மரத்துக்கு முதலில் வேரைப் பார் என்பதுதான் அங்கேயும் பாடம்.

மூன்று மாத வேலை

ஆவணியில் ஒரு நாள். பெரியப்பா கன்றைச் சுற்றிச் சற்றுத் தள்ளி மண்ணில் ஒரு வட்டம் கீறினார். அதில் பாதி வட்டத்தை மட்டும் மண்வெட்டியால் ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டினார். எதிர்ப்பட்ட பக்க வேர்களைக் கூரான கத்தியால் ஒரே வெட்டாக வெட்டினார். வெட்டிய இடமெல்லாம் வெள்ளையாகப் பால் துளிர்த்துக் கத்தியில் பிசுபிசுத்தது. பள்ளத்தில் மக்கிய தொழு உரமும் மணலும் கலந்து போட்டு மூடித் தண்ணீர் விட்டார். அவ்வளவுதான் அன்றைய வேலை.

“மீதிப் பாதி?”

“அது இருக்கட்டும்டா. ஒரு பக்கம் பட்டினி போட்டா இன்னொரு பக்கம் சோறு போடணும்ல?”

புரட்டாசிக் கடைசியில் மறு பாதியை வெட்டினோம். அதற்குள் முதலில் வெட்டிய பக்கத்தில், உர மண்ணுக்குள், நூல் நூலாகப் புது வேர் விட்டிருந்தது. பெரியப்பா ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வெளிறிய நிறத்தில், மயிரிழை போல, மண்ணைக் கோத்துக்கொண்டிருந்தன அந்த வேர்கள். இந்தச் சல்லிவேர்களோடு போனால்தான் புது இடத்தில் முதல் நாளிலிருந்தே கன்று தண்ணீர் குடிக்கும். அந்த மூன்று மாதமும் இதற்காகத்தான்.

ஐப்பசியில் இரண்டு மழை பெய்து மண் ஊறிய பிறகு, மப்பும் மந்தாரமுமான ஒரு மாலையில் கன்றை எடுத்தோம். அதற்கு முன்பே புதுக் குழி தயாராக இருந்தது. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர். மேல் மண்ணோடு 10 கிலோ தொழு உரமும் ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து வைத்திருந்தோம். கன்றின் இலைகளில் பாதியைக் குறைத்தோம். கிழக்குப் பார்த்த கிளையில் ஒரு துணிக் கிழிசலைக் கட்டினார் பெரியப்பா. புது இடத்திலும் அந்தப் பக்கம் கிழக்கையே பார்க்க வேண்டுமாம். மேற்கு வெயிலுக்குப் பழகாத பட்டை வெந்துவிடும் என்றார்.

ஆணிவேரை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கீழே துழாவி, எட்டும் ஆழத்தில் கூரான கத்தியால் அறுத்தோம். பிய்ந்த வேர் அழுகும், அறுத்த வேர் ஆறும். பிறகு தாய்மண் உதிராமல் ஈரச் சாக்கில் பொதிந்து, இரண்டு பேர் சாக்கின் நான்கு முனையையும் பிடித்துத் தூக்கினோம். தண்டைப் பிடித்துத் தூக்க அவர் விடவில்லை. பிள்ளையைத் தலைமுடியைப் பிடித்தா தூக்குவார்கள் என்று அதட்டினார்.

பழைய இடத்தில் எந்த அளவு மண்ணுக்கு மேலே தெரிந்ததோ, அதே அளவு தெரிய நட்டோம். பண்ருட்டிக்குத் தெற்கே இருக்கிற செம்மண் மேட்டில் தண்ணீர் நிற்காது; அதுதான் பலாவுக்குச் சொர்க்கம். எங்கள் தென்பெண்ணைப் பக்கத்துக் கரும்பு விளையும் மண் அப்படியில்லை. ஈரம் பிடித்துக்கொள்ளும், அடைமழையில் குழி குளமாகும். தேங்கிய தண்ணீரில் பலா வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். அதனால் கன்றைச் சுற்றி மண்ணை அணைத்து மேடாக்கி, தண்ணீர் வடிய வாய்க்கால் விட்டோம். மேற்கே இரண்டு தென்னங்கீற்றைச் சாய்த்து நிழல் கட்டினோம். காற்றில் ஆடாமல் இருக்க மூன்று குச்சி ஊன்றி, தளர்வாகக் கயிறு கட்டினோம்.

பத்து நாளில் மிச்சமிருந்த இலைகளும் மஞ்சளாகி உதிர்ந்தன. எனக்கு நெஞ்சு பதறியது. பெரியப்பா நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை. “இருக்குது, வுடு” என்றார். கார்த்திகை கடைசியில், நுனியில் ஒரு கொழுந்து பிரிந்தது.

பைக்குள் சுருண்ட வேர்

இதற்கு முன் ஒரு வருடம், பணம் கொடுத்துப் பையோடு வாங்கிய பலா ஒட்டுக்கன்று ஒன்று எங்களிடம் செத்துப்போயிருக்கிறது. ஆளுயரம், தளதளவென்று இலை, பார்த்ததும் பிடித்துப்போய் வாங்கி வந்தது. ஒரு வருடம் நின்ற இடத்திலேயே நின்று பட்டுப்போனது. பிடுங்கிப் பார்த்தால், ஆணிவேர் பையின் அடியில் வட்டம் வட்டமாகச் சுருண்டு, பானைக்கு அடியில் வைக்கும் பிரிமணைபோல இருந்தது. சின்னப் பையில் நெடுநாள் நின்ற கன்று அது. மண்ணில் வைத்த பிறகும் அந்தச் சுருள் பிரியவே இல்லை.

அதற்காக ஒட்டுக்கன்றே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. பலாவில் அயல் மகரந்தச் சேர்க்கை நடப்பதால், கொட்டை போட்டு வந்த கன்று தாயைப் போலவே காய்க்கும் என்று உறுதி கிடையாது. நல்ல மரத்தின் பழம் அப்படியே வேண்டுமென்றால் ஒட்டுக்கட்டித்தான் ஆக வேண்டும். பணிக்கன்குப்பத்து நாட்டுப் பலாவிலிருந்து தேர்ந்தெடுத்து, பக்கத்திலுள்ள பாலூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ‘பாலூர் 1’ ரகம் அதற்கு நல்ல சாட்சி. சராசரியாக 12 கிலோ எடையுள்ள பழம். பங்குனி முதல் ஆடி வரை காய்ப்பதோடு, கார்த்திகை, மார்கழியிலும் ஒரு முறை காய்க்கும். அந்தக் குணம் வேண்டுமானால் ஒட்டுக்கன்று. ஒட்டுக்கன்று என்றால் பை. பை என்றால் இடமாற்றம். ஆகவே வேரைப் பார்த்து வாங்கக் கற்றுக்கொள்வதே வழி.

உயரத்தைப் பார்த்துக் கன்று வாங்காதீர்கள். வயது குறைந்த, பையின் அடியில் வேர் சுற்றாத சின்னக் கன்றை எடுங்கள். ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்க நடுங்கள். கொட்டை ஊன்றுவதாக இருந்தால் பழம் அறுத்த சூட்டோடு ஊன்றுங்கள். காயப்போட்டு வைத்தால் ஒரு மாதத்துக்குள் முளைப்புத் திறன் போய்விடும். மரத்துக்கு மரம் 8 மீட்டர் விடுங்கள். மதில், கிணறு, மின்கம்பி மூன்றுக்கும் எட்டத்தில் வையுங்கள்.

பண்ருட்டிப் பலாவுக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெருமைதான். அந்தப் பெயர் நிலைக்க வேண்டுமென்றால் தானே புயலில் விழுந்த மரங்களின் இடத்தில் மரங்கள் நிற்க வேண்டும். இந்த மழைக்குக் கன்று வைக்க நினைப்பவர்கள் முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள், பிறகு கன்றைத் தேடுங்கள். தப்பான இடத்தில் ஒன்று முளைத்துவிட்டால் அரிவாளை எடுக்காதீர்கள். மூன்று மாதம் பொறுத்தால் அதையும் காப்பாற்றலாம்.